7. ஞாயிறு சுருட்டினால் வெள்ளி வரை: சப்பாத்தி ரோல்

மாவு டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒரு மணிக்கு இந்த ரோலை எங்கே சூடாக்கப் போகிறீர்கள்?

நான் இதைக் கேட்டுக்கொள்ளாமல்தான் ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு ரோல் சுருட்டினேன். உள்ளே பனீர், வெள்ளரிக்காய், தக்காளி, கொஞ்சம் மயோனைஸ். பார்க்க அழகாக இருந்தன, அப்படியே ஃப்ரீசரில் வைத்தேன். திங்கட்கிழமை மதியம் அலுவலக மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தேன். இரண்டு முனையும் அப்பளம் போல விரைத்திருந்தன, நடுவில் பல் கூசும் பனி. வெள்ளரிக்காய் தண்ணீராகவும் மயோனைஸ் எண்ணெயாகவும் பிரிந்து டப்பாவின் அடியில் தேங்கி நின்றன. மீதிப் பதினொன்றை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

தப்பு ஃப்ரீசருடையது அல்ல. கல்லிலிருந்து எடுத்ததும் சாப்பிடும் ரோலும் ஐந்து நாள் காத்திருக்கப் போகும் ரோலும் வேறு வேறு பண்டங்கள். கொல்கத்தாவில் 1932இல் தொடங்கிய நிஜாம்ஸ் கடையோடு சேர்த்துச் சொல்லப்படும் காத்தி ரோல் முதல் வகை. சூடான பராத்தா, கம்பியில் சுட்ட கறி, பச்சை வெங்காயம், எலுமிச்சைச் சாறு, சுற்றிலும் ஒரு காகிதம், அங்கேயே நின்று கடி. அதன் ருசியே அவசரத்தில்தான் இருக்கிறது. அதை அப்படியே உறைய வைத்தால் பச்சை வெங்காயம் ஒன்றே போதும், மொத்த ஃப்ரீசரையும் நாற அடித்துவிடும். நாம் செய்யப்போவது பொறுமையான ரோல். அதன் மாவு, மசாலா, சுருட்டும் விதம் எல்லாமே கடைசியில் அதைச் சூடாக்கப்போகும் அடுப்பைப் பார்த்து முடிவாகின்றன.

உங்கள் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். அலுவலகத்தில் ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் இருக்கலாம். மைக்ரோவேவ் மட்டும் இருக்கலாம். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். துணிக்கடையிலும் பள்ளியிலும் வேலை பார்க்கிறவர்களில், வண்டியிலேயே ஊர் சுற்றுகிறவர்களில் பலருக்கு அதுதான் நிலைமை. மூன்றுக்கும் வழி உண்டு. ஆனால் மூன்றாவது ஆள் முதல் ஆளின் ரோலைக் கொண்டுபோகக் கூடாது.

உங்கள் ஃப்ரீசர் எந்த ரகம்?

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்தைச் சொல்பவை. ஐந்து நட்சத்திர ஃப்ரிட்ஜ் என்றால் கரண்ட் பில் குறையும், அவ்வளவுதான். உறைநிலைக்கென்று தனியாக ஒரு நட்சத்திரக் குறி உண்டு. சில மாடல்களில் அது ஃப்ரீசர் கதவிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அங்கே ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. உணவை நீண்ட நாள் வைக்க உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு மைனஸ் 18.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருக்கும் சின்ன ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்த அளவை எட்டாது. அதில் ரோல் உறையும், ஆனால் மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து காய்கறியின் நார்களைக் கிழிக்கும். அதனால் அந்தப் பெட்டியை நம்பி ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஒரே தடவையில் ஆறேழு ரோலுக்கு மேல் அடுக்காதீர்கள். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் மூன்று நான்கு வாரம் தாராளமாக நிற்கும். அதற்குப் பிறகு கெட்டுப்போகும் என்றில்லை, ருசி போய்விடும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரீசர் தன் பனியைத் தானே உருக்கிக்கொள்வதற்காக அவ்வப்போது கொஞ்சம் சூடாகும். சரியாக மூடாத பண்டத்தை அந்தக் காற்று நாளுக்கு நாள் உலர்த்தி, ஓரத்தை வெள்ளை வெள்ளையாக வறட்டிவிடும்.

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாகாது, தூங்கும். உள்ளே போனபோது இருந்தவை வெளியே வந்து சூடு பட்டதும் விழித்துக்கொள்ளும். கெடப்போகிற மசாலாவைக் காப்பாற்ற ஃப்ரீசரைத் தேடாதீர்கள்.

சப்பாத்தி

அரை கிலோ கோதுமை மாவு, ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், 300 முதல் 330 மில்லி வெந்நீர். வழக்கமான சப்பாத்தி மாவைவிட ஒரு பிடி தளர்வாக இருக்கட்டும். பிசைந்து ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விடுங்கள். அறுபது கிராம் உருண்டையாகப் பிடித்தால் பதினான்கு வரும். இரண்டிரண்டாக ஐந்து நாளைக்குப் பத்து போதும். மீதி நான்கும் ஃப்ரீசர் வரை போய்ச் சேருவது அபூர்வம்.

எட்டு அங்குல அகலத்துக்குத் தேயுங்கள். நடு தடித்து ஓரம் மெலிந்தால், சூடாக்கும்போது ஓரம் முதலில் வறண்டு ஒடியும். கல்லில் போட்டு, அங்கங்கே வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். முக்கால் வேக்காடு. மீதிக் கால் மறுபடி சூடாக்கும்போது நடக்கும். நெருப்பில் நேரடியாகக் காட்டி உப்ப வைக்கவே வேண்டாம். உப்பினால் இரண்டு ஏடாகப் பிரிந்து, சுருட்டும்போது மேலேடு கிழியும். எடுத்த சப்பாத்திகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் துணிக்குள் அடுக்கி ஆற விடுங்கள்.

இங்கே பலரும் செய்யும் ஒரு தப்பு, ‘உறைய வைப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவது. வேகும்போது மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி இளகுகிறது, ஆறும்போது அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு மறுபடி இறுகுகிறது. இந்த இறுக்கம் மிக வேகமாக நடக்கும் இடம் ஃப்ரிட்ஜின் குளிர்தான், அதாவது சுழியத்துக்கும் ஐந்து டிகிரிக்கும் நடுவே. ஃப்ரீசரில் அது கிட்டத்தட்ட நின்றுபோகிறது. இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் கிடந்த சப்பாத்தி தோல் மாதிரி ஆவதும், இரண்டு வாரம் ஃப்ரீசரில் கிடந்தது சூடாக்கினால் மெத்தென்று வருவதும் இதனால்தான். செய்த அன்றே உறைய வைத்துவிடுங்கள்.

பரோட்டா இதில் சப்பாத்தியைவிடக் கெட்டிக்காரன். அடுக்குகளுக்கு நடுவே உள்ள கொழுப்பு அதைக் காப்பாற்றுகிறது. கடைகளில் உறைந்த பரோட்டா அத்தனை விற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அரை வேக்காட்டுப் பரோட்டாவில் சுருட்டிய கொத்துக்கறி ரோலைக் குறை சொல்ல முடியாது. மதியம் இரண்டரை மணிக்குத் தூக்கம் சொக்கும், அது வேறு விஷயம். தோசையில் சுருட்டலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். உருகியதும் ஈரத்துணி மாதிரி தொங்கும்.

உள்ளே என்ன வைப்பது

ஃப்ரீசருக்குப் போகும் மசாலாவுக்கு ஒரே தேர்வுதான். கடாயில் கரண்டியால் ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்குள் சாறு ஓடிவந்தால் இன்னும் சுண்ட வேண்டும்.

காய் எவ்வளவு நீர் கோத்ததோ அவ்வளவு மோசமாக உறையும். வெள்ளரி, பச்சைத் தக்காளித் துண்டு, பச்சை முட்டைக்கோஸ், கீரை இலை எல்லாம் வேண்டாம். முட்டைக்கோஸையே வதக்கி நீரை வற்ற விட்டால் நன்றாக நிற்கும். தக்காளி வேண்டுமென்றால் தொக்காக வரட்டும். எண்ணெய் பிரியும் வரை சுண்டிய தொக்கை ஒரு ஸ்பூன் தடவினால் போதும். உருளைக்கிழங்கைத் துண்டாக வைக்காதீர்கள், உறைந்து உருகினால் பஞ்சு மாதிரி நறநறக்கும். நன்றாக மசித்து, வெங்காயத்தோடு பிரட்டிய மசால் தோசை மசாலா என்றால் குறை தெரியாது, அதிலும் தண்ணீர் தெளிக்காமல் செய்திருந்தால். கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் ஃப்ரீசருக்கென்றே பிறந்தவை. வேகவைத்துப் பாதியை மசித்துப் பாதியை முழுதாக விட்டு மசாலாவில் பிரட்டுங்கள். அந்த மசியல் பசை மாதிரி பிடித்துக்கொண்டு ரோல் உதிராமல் காக்கும்.

முட்டையை அவித்து வைத்தால் வெள்ளைக்கரு ரப்பர் ஆகிவிடும். பொடிமாஸாக உதிர்த்துப் போடலாம், கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும்போதே அடுப்பை அணைக்காமல் முழுக்க வேக விட்டு. பனீர் துண்டு உறைந்தால் பொலபொலவென்று ஆகும். எப்படியும் உதிரப்போகிறது, நாமே முதலில் உதிர்த்து புர்ஜியாகச் செய்துவிடுவது மரியாதை. கோழியை எலும்பில்லாமல் பிய்த்துப் போடுங்கள், பெரிய துண்டு வேண்டாம். கொத்துக்கறி சரியாக வரும்.

தயிர், மயோனைஸ், தேங்காய்ச் சட்னி மூன்றும் பிரியும். இவற்றைச் சின்ன டப்பாவில் தனியாகக் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது தொட்டுக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சட்னி வெளியில் மதியம் வரை தாங்காது, அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால் மட்டும். என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட்டுக்கொள்வது இட்லிப்பொடிதான். சப்பாத்தியில் நல்லெண்ணெயில் குழைத்த பொடியை மெல்லப் பூசி அதன்மேல் மசாலா வையுங்கள். அந்த எண்ணெய்ப் பூச்சு மசாலாவின் ஈரம் சப்பாத்திக்குள் இறங்காமல் தடுக்கிறது. ருசி கூடுவது இலவசம். (இதை எங்கள் தெருவில் இன்னொருவர் எனக்கு முன்பே செய்துகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.)

உறைந்த பிறகு உப்பு கொஞ்சம் மங்கித் தெரியும். கிராம்பு, மிளகு, பூண்டு எடுத்து அடிக்கும், சில சமயம் கசப்பாக. கரம் மசாலாவை வழக்கத்தில் பாதி போடுங்கள். கொத்தமல்லித் தழை கறுத்துப்போகும், சேர்க்காதீர்கள்.

சாதம் வைத்துச் சுருட்டுவதும் உண்டு, ராஜ்மாவும் சாதமும் மாதிரி. செய்யலாம், ஆனால் சோறு வடித்த அடுத்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் தட்டில் பரப்பி ஆற்றி உறைய வைத்தாக வேண்டும். வேகவைத்தாலும் சாகாத கிருமி வித்துகள் அரிசியில் இருக்கின்றன. ஆறின சோறு சமையலறைச் சூட்டில் கிடக்கும் மணிக்கணக்கில்தான் அவை முளைத்து நஞ்சு கக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. காலையில் வடித்த மிச்சச் சோற்றைச் சாயங்காலம் ரோலுக்குள் வைக்காதீர்கள்.

சுருட்டுவது

மசாலா முழுக்க ஆறியிருக்க வேண்டும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்தால் இருபது முப்பது நிமிடத்தில் ஆறிவிடும். கை பொறுக்கும் சூட்டில் சுருட்டினால் உள்ளே எழும் ஆவிதான் பனியாகி, பிறகு தண்ணீராகிச் சொதசொதக்க வைக்கும்.

ஒரு ரோலுக்கு 70, 80 கிராம் மசாலா. அதற்கு மேல் ஆசைப்பட்டால் நடுப்பகுதி சூடேறாது. நடுவில் குவிக்காமல் ஒரு விரல் உயரத்துக்கு நீளமாகப் பரப்பி, இரண்டு பக்கமும் மடித்து, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டுங்கள். உள்ளே காற்று நின்றால் அங்கே பனி படியும்.

ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, ஃப்ரீசரின் மிகக் குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். உலோகத் தட்டு சூட்டைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும், அதனால் வேகமாக உறையும். கல்லாக இறுகிய பிறகு ஜிப் கவரில் மொத்தமாகப் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடலாம். முதலிலேயே மொத்தமாகப் போட்டால் ஒரே கட்டையாகிவிடும், ஒன்றை எடுக்கக் கத்தி தேவைப்படும். கவரில் தேதியையும் உள்ளே இருப்பதையும் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து எல்லா ரோலும் ஒரே முகம்.

ஒரு மணி

முதல் ஆள், ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் உள்ளவர். முதல்நாள் இரவே இரண்டு ரோலைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். காலையில் ஐஸ் பேக்கோடு சூடு புகாத பையில் கொண்டுபோய் இறங்கியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு; வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். சென்னையில் வருடத்தில் எத்தனை நாள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

சூடாக்கும்போது பட்டர் பேப்பரைப் பிரித்து, நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியிலோ டிஷ்யூவிலோ சுற்றி ஒரு ரோலுக்கு 45 நொடி, திருப்பிப் போட்டு இன்னொரு 30 நொடி. 800 வாட் அடுப்புக்கு இந்தக் கணக்கு. பிறகு ஒரு நிமிடம் சும்மா விடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில்தான் வெளிச் சூடு உள்ளே பரவும், பின்னால் வரிசையில் நிற்பவர் எவ்வளவு கனைத்தாலும் விடுங்கள். நடுவில் ஸ்பூன் முனையைக் குத்தி எடுத்து உதட்டில் வைத்தால் சுட வேண்டும். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 75 டிகிரி. அதிகம் ஓட்டினால் சப்பாத்தியின் ஈரமெல்லாம் ஆவியாகி, ஆறியதும் செருப்புத் தோல்.

இரண்டாவது ஆளும் இதையேதான் செய்யப்போகிறார், ஆனால் ரோலை உறைந்தபடியே எடுத்துப்போக வேண்டும். ஐஸ் பேக்கோடு மூடிய பையில் இருந்தால் அதன் குளிரே அதற்குக் காவல். மதியம் தொட்டுப் பாருங்கள், நடு இன்னும் கெட்டியாக இருந்தால் முழு வேகத்தில் வைக்காதீர்கள். மைக்ரோவேவ் தண்ணீரைத்தான் எளிதாகச் சூடாக்கும், பனிக்கட்டியைச் சூடாக்க அதற்கு அவ்வளவாக வராது. உருகிய ஓரம் கொதிக்கத் தொடங்கும், பக்கத்திலேயே பனி பனியாக நிற்கும். என் பனீர் ரோலுக்கு நேர்ந்தது அதுதான். டீஃப்ராஸ்ட் பொத்தானிலோ 30 சதவீத வேகத்திலோ இரண்டு நிமிடம், ஒரு நிமிட ஓய்வு, பிறகு முழு வேகத்தில் ஒரு நிமிடம். பையைத் திறக்கும்போது ஐஸ் பேக்கும் ரோலும் வெதுவெதுப்பாக இருந்தால் அன்று கேன்டீன்தான்.

ஃபாயிலில் சுற்றியதை அப்படியே மைக்ரோவேவில் வைக்காதீர்கள். பொறி பறக்கும். எனக்குப் பறந்திருக்கிறது, ஒரு வாரம் என் பெயரே மாறியிருந்தது.

மூன்றாவது ஆளுக்கு நான் ரோலையே சிபாரிசு செய்வதில்லை. காலை ஏழு மணிக்குச் சூடாக்கிய முட்டை ரோலோ கறி ரோலோ ஒரு மணி வரை பைக்குள் வெதுவெதுப்பில் கிடப்பது கிருமிக்கு வைத்த பந்தி. மசாலாவையும் சப்பாத்தியையும் பிரித்து உறைய வையுங்கள். காலையில் மசாலாவைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி, வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிய வாய் அகன்ற உணவு ஃப்ளாஸ்க்கில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். நல்ல ஃப்ளாஸ்க் என்றால் ஐந்து மணி நேரம் கழித்தும் ஆவி பறக்கும். பறக்கவில்லையென்றால் அந்த ஃப்ளாஸ்க்கைத் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்தியைக் கல்லில் முழுக்க வேகவைத்துத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அங்கேயே சுருட்டிக்கொள்ளலாம். உறைய வைத்ததன் லாபம் காலை அவசரத்தில் கிடைத்துவிட்டது, அது போதும்.

வீட்டிலேயே வேலை பார்க்கிற நாளில் மைக்ரோவேவைத் தொடவே வேண்டாம். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் உறைந்த ரோலைத் துணியில் சுற்றித் தட்டில் வைத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவி காட்டுங்கள். பிறகு தோசைக்கல்லில் ஒரு சொட்டு நெய்யில் நான்கு பக்கமும் புரட்டுங்கள். உள்ளே பதம், வெளியே மொறுமொறுப்பு. நான் பார்த்த வழிகளில் இதற்கு இணை இல்லை, அலுவலகத்துக்கு இட்லிப் பானை தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது ஒன்றுதான் குறை.

ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். சூடாக்கி மிஞ்சியதையும்தான்.

கரண்ட் போனால்

பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தும் நாளில் ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தாலே போதும். நிறைந்த ஃப்ரீசர் மூடியபடி இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். இது தனிக் கதவுள்ள நல்ல ஃப்ரீசருக்கு. ஐஸ் பெட்டிக்கு இவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கணக்குப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதுதான் புத்தி.

நீங்கள் ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்திருந்தால் எப்படித் தெரியும்? ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசர் மூலையில் விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் போய் உறைந்திருந்தால் நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி இறுகியிருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நம்பாதீர்கள், ரோல் அத்தனையும் குப்பைக்கு. பாதி வழியில் நின்றிருந்தாலும் நான் குப்பைக்குத்தான் போடுவேன். டம்ளரை உருக விட்டு நாணயத்தை எடுத்துத் துடைத்து, மறுபடி தண்ணீர் ஊற்றி வையுங்கள்.